இரண்டு அட்டவணைகளை இணைத்தேன், பிழை எதுவும் வரவில்லை, பாதி மாவட்டங்களைக் காணோம்

கேள்வி: 10 பிப்ரவரி 2024

பென்டாஹோ என்ற, பல இடத்துத் தரவுகளை எடுத்துச் சேர்க்கும் மென்பொருளில் இரண்டு மூலங்களை இணைக்கிறேன். ஒன்று எக்செல் கோப்பு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தமிழ்நாட்டு மாவட்ட எண்ணிக்கை, 32 வரிகள். இன்னொன்று மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் உள்ள அட்டவணை: இன்றைய மாவட்டங்களும் அங்கே உள்ள எங்கள் மையங்களும், 38 வரிகள். மாவட்டப் பெயரைக் கீயாக, அதாவது இரண்டையும் பொருத்திப் பார்க்கும் புலமாக வைத்து, மெர்ஜ் ஜாயின் என்ற இணைக்கும் படியைப் போட்டேன். வந்தது 14 வரி. சிவப்பாக எதுவும் இல்லை, எல்லாப் படியிலும் பச்சை டிக். திரும்ப ஓட்டினாலும் அதே 14. கருவியில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பதில்: 10 பிப்ரவரி, மாலை

கருவியில் கோளாறு இல்லை. இரண்டு பக்கமும் கீயின்படி வரிசையாக வரும் என்று நம்பித்தான் மெர்ஜ் ஜாயின் வேலை செய்கிறது. பக்கத்துக்கு ஒரு வரியைக் கையில் எடுக்கும். சமமாக இருந்தால் இணைக்கும். இல்லாவிட்டால் எது சிறியதோ அதைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கத்தில் அடுத்த வரியை எடுக்கும். தள்ளியதைத் திரும்பிப் பார்க்காது. மொய் நோட்டு வந்தவர் வந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கும். அதை அகரவரிசை என்று நம்பிக்கொண்டு, 'ம' வந்துவிட்டதே, இனி 'க' இருக்காது என்று பக்கத்தைப் புரட்டினால் என்ன ஆகும்? அதுதான் உங்களுக்கு ஆகியிருக்கிறது.

அந்தப் படியின் பெட்டியை மூடும்போது, வரிசைப்படுத்தாத தரவு தந்தால் தவறான விடை வரலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும். 'இனிக் காட்டாதே' என்று யாரோ ஒருமுறை டிக் செய்திருந்தால் அதன்பின் வராது. உங்கள் கணினியில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எக்செல் பக்கம் சார்ட் ரோஸ் என்ற வரிசைப்படுத்தும் படி ஒன்று போடுங்கள். மைஎஸ்கியூஎல் பக்கம் வினவலிலேயே வரிசைப்படுத்தச் சொல்லும் 'ஆர்டர் பை' போட்டால் போதும், அது வேகமும் கூட.

10 பிப்ரவரி, இரவு

இன்னொன்று விட்டுப்போனது. பொருந்திய வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினில் வைத்திருக்கிறீர்கள். கற்றுக்கொள்ளும்போது அதில் வைக்காதீர்கள், ஃபுல் அவுட்டரில் வையுங்கள். பொருந்தாத வரிகள் ஒரு பக்கம் வெறுமையாக வந்து நிற்கும். ஒரு ஃபில்டர் படி போட்டு, எந்தப் பக்கத்துக் கீ வெறுமையோ அதை மட்டும் தனிக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே பெயரில் புலம் இருந்தால் வலப்பக்கத்துப் பெயரின் வாலில் அடிக்கோடும் 1-உம் சேர்ந்திருக்கும், குழம்ப வேண்டாம்.

அந்த மிச்சக் கோப்புதான் உங்களுக்கு வேண்டிய கோப்பு. இணைந்து வந்த 14 வரியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

11 பிப்ரவரி

நேற்று மாலை எழுதியதில் கடைசி வாக்கியம் தவறு. 'ஆர்டர் பை போதும்' என்றேன். போதாது.

நீங்கள் காலையில் அனுப்பிய பட்டியலில் தேனியும் காணாமல் போயிருப்பதைப் பார்த்ததும்தான் உறைத்தது. உங்கள் இரண்டு கோப்பிலும் தேனி ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது. தஞ்சாவூருக்கு முதல் எழுத்து மட்டும் பெரிது. மைஎஸ்கியூஎல் 8 இயல்பாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது. அதற்குத் தஞ்சாவூர் முன்னால், தேனி பின்னால். பென்டாஹோவின் சார்ட் படி, எழுத்து வேறுபாடு பார்க்கும்படி வைத்திருந்தால், எழுத்தின் குறியெண்ணை, அதாவது கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணைப் பார்க்கிறது. குறியெண்ணில் பெரிய எழுத்துகள் எல்லாம் சிறிய எழுத்துகளுக்கு முன்னால் வரும். அதனால் அங்கே தேனி முன்னால், தஞ்சாவூர் பின்னால்.

இரண்டும் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டவைதான், ஆனால் வேறு வேறு ஒழுங்கில். இடப்பக்கம் தஞ்சாவூரைக் கையில் வைத்திருக்க, வலப்பக்கத்துத் தேனி சிறியது என்று தள்ளப்படுகிறது. அடுத்து தஞ்சாவூரும் தஞ்சாவூரும் பொருந்துகின்றன. பிறகு இடப்பக்கத்தில் தேனி வரும்போது வலப்பக்கத்தில் அது ஏற்கெனவே போய்விட்டது.

ஆகவே இரண்டு பக்கமும் சார்ட் ரோஸ் போடுங்கள், எழுத்து வேறுபாடு பார்க்கும் அமைப்பை இரண்டிலும் ஒரே மாதிரி வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரிங் ஆப்பரேஷன்ஸ் படியில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, ஓர இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள். 38 வரிக்கு வேகத்தைப் பற்றிப் பேசியதே தேவையில்லாதது.

13 பிப்ரவரி

26 வந்துவிட்டது என்கிறீர்கள். நல்லது. மீதி எல்லாம் எழுத்துக்கூட்டல்தான், நீங்கள் ஒட்டிய மிச்சப் பட்டியலிலேயே தெரிகிறது. தூத்துக்குடி ஒரு கோப்பில் ட்யூட்டிகோரின், இன்னொன்றில் இரட்டை 'கே' போட்ட தூத்துக்குடி. நீலகிரிக்கு முன்னால் 'தி' இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. விழுப்புரத்தில் 'எல்' ஒன்றா இரண்டா, 'பி' ஒன்றா இரண்டா? காஞ்சிபுரம், கன்னியாகுமரி, திருப்பூர் எல்லாவற்றிலும் இதே கதை.

2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த இடைவெளியில் யாராவது பட்டியலைத் திருத்தியிருந்தால் அந்தக் கோப்பில் மூன்றாவது வகை எழுத்துக்கூட்டலும் கிடக்கும்.

பெயரைக் கீயாக வைக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எண் உண்டு. தமிழ்நாட்டுக்கு 602 முதல் 633 வரை: திருவள்ளூர் 602, சென்னை 603, கடைசியில் திருப்பூர் 633. ஒரு தாளில் உட்கார்ந்து, உங்கள் 38 பெயருக்கும் எதிரே அந்த எண்ணைக் கையால் எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலை, ஒரே ஒரு முறைதான்.

எண்ணைக் கீயாக்கும்போது ஒரு கவனம்: எக்செல்லிலிருந்து அது தசம எண்ணாக வரலாம், தரவுத்தளத்தில் அது எழுத்தாக இருக்கலாம். செலக்ட் வேல்யூஸ் படியில் இரண்டையும் ஒரே வகையாக்குங்கள். அப்புறம், முன்னால் பூஜ்ஜியம் உள்ள குறிகளை எக்செல் சாப்பிட்டுவிடும். மாநிலக் குறியில் தமிழ்நாடு 33, நமக்குத் தொந்தரவு இல்லை. ஜம்மு காஷ்மீர் 01, அது வெறும் 1 ஆகிவிடும்.

14 பிப்ரவரி

நேற்று 'கையால் எழுதிவிடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, ஏனென்றால் நான் அதே தாளை எழுதித்தான் ஒரு முறை பெரிய தவறு செய்தேன். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

2021-இல் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. மாவட்டம் வாரியாக எத்தனை பேருக்கு ஒரு மையம் இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். மக்கள்தொகை 2011-இன் 32 மாவட்டங்களுக்குத்தான் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவையும், 2020 டிசம்பரில் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாகிவிட்டன. நான் ஒரு பொருத்த அட்டவணை செய்தேன்: புதிய மாவட்டம், அதன் தாய் மாவட்டத்தின் பழைய எண். 38 வரி. அதை மக்கள்தொகையோடு எண்ணை வைத்து இணைத்தேன். வந்தது 38 வரி. ஒன்றும் விடுபடவில்லை, மிச்சக் கோப்பு காலி. நான் அப்போதே எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கிற ஆள்தான், எண்ணிக்கை சரியாக இருந்ததால் நிம்மதியாக அறிக்கையை அனுப்பினேன்.

மறுநாள் கணக்குப் பிரிவில் இருந்த மூத்த அம்மா ஒருவர் மேசைக்கு வந்து, 'தம்பி, தமிழ்நாட்டில் ஒன்பது கோடிப் பேரா?' என்று கேட்டார்.

கூட்டிப் பார்த்தேன். 9,21,70,500. கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்தமே 7,21,47,030. இரண்டு கோடிப் பேர் கூடுதல். காஞ்சிபுரத்தின் 39,98,252 பேரும் காஞ்சிபுரத்துக்கு ஒரு முறை, செங்கல்பட்டுக்கு ஒரு முறை என்று எழுதப்பட்டிருந்தார்கள். வேலூரின் 39,36,331 பேர் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று முறை. திருநெல்வேலி, விழுப்புரம், நாகப்பட்டினம் தலா இரண்டு முறை.

ஒரு பக்கத்தில் ஒரு கீக்கு ஒரு வரி, மறு பக்கத்தில் அதே கீக்கு மூன்று வரி இருந்தால் விடையில் மூன்று வரி வரும். ஜாயின் என்றால் அதுதான், எந்தக் கருவியிலும் அப்படித்தான். நான் 38 வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன், 38 வந்தது, அதோடு கண்ணை மூடிவிட்டேன். அன்றிலிருந்து வரிகளை எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. இணைப்பதற்கு முன் குரூப் பை என்ற கூட்டும் படியைப் போட்டு மொத்தத்தை எடுப்பேன், இணைத்த பின்னும் எடுப்பேன், இரண்டையும் பதிவில் எழுதுவேன். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் வேலை அங்கேயே நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

உங்கள் 38 வரி அட்டவணையும் இதே குழியில்தான் விழும். மாவட்டத்தில் இணைக்காதீர்கள், வட்டத்துக்குப் போங்கள். வேலூரை எடுத்தால் அரக்கோணம், ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டைக்குப் போயின. வாணியம்பாடி, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போயின. வட்டத்தின் 2011 எண்ணிக்கையை வைத்துப் புதிய மாவட்டத்துக்குக் கூட்டினால் யாரும் இரண்டு முறை எண்ணப்பட மாட்டார்கள்.

அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் அந்த அறிக்கையை வைத்துத்தான் செங்கல்பட்டில் ஒரு மையம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்திருப்பார்கள். இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

17 பிப்ரவரி

மெர்ஜ் ஜாயினை விட்டு, ஒவ்வொரு வரிக்கும் இன்னோர் அட்டவணையில் தேடி எடுக்கும் ஸ்ட்ரீம் லுக்அப் படியைப் போடலாமா என்று கேட்டீர்கள். போடலாம். தேடு அட்டவணையை முழுக்க நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும், வரிசைப்படுத்தத் தேவையில்லை. சின்ன அட்டவணைக்கு நானும் அதைத்தான் போடுகிறேன்.

18 பிப்ரவரி

நேற்றைய பதிலை அவசரத்தில் எழுதினேன். ஸ்ட்ரீம் லுக்அப் ஒரு வரிக்கு ஒரு பொருத்தம்தான் தரும். தேடு அட்டவணையில் அதே கீ இரண்டு முறை இருந்தால் ஒன்றை மட்டும் தந்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டுவிடும். மெர்ஜ் ஜாயினில் நான் பட்டது பெருகும் ஆபத்து; இதில் குறையும் ஆபத்து. தேடு அட்டவணையில் கீ ஒன்றுக்கு மேல் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு போடுங்கள்.

இதே வேலைக்கான இன்னொரு கருவியான டேலண்டில் வேலை செய்து பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயமாக இருக்கும். அங்கே டி-மேப் என்ற இணைக்கும் படியில் தனிப் பொருத்தம், முதல் பொருத்தம், எல்லாப் பொருத்தமும் என்று வெளிப்படையாகவே தேர்வு இருக்கிறது. எதுவும் தொடாவிட்டால் தனிப் பொருத்தம். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று கண்ணுக்குத் தெரிவது நல்ல ஏற்பாடு. அதன் இலவசப் பதிப்பை 2024 ஜனவரி 31-ஓடு நிறுத்திவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

23 பிப்ரவரி

உங்கள் புதிய சிக்கலைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தமிழ்ப் பெயர்களை வைத்து இணைத்ததில் மூன்றே மூன்று மாவட்டங்கள் பொருந்தவில்லை என்கிறீர்கள்: ஈரோடு, கோயம்புத்தூர், புதுக்கோட்டை. திரையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிகின்றன, இடைவெளியும் இல்லை.

மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ரோ, கோ, கோ. முப்பத்தெட்டு மாவட்டப் பெயர்களில் ஓகாரக் குறி வருவது இந்த மூன்றில் மட்டும்தான். ஒகரக் குறியும் ஔகாரக் குறியும் எதிலும் இல்லை.

ஒருங்குறியில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியெண். அல்லது 'க', ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, பிறகு தனியாக ஒரு கால் என்று மூன்று குறியெண். இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது, திரையில் எழுத்துருவும் ஒரே மாதிரி வரைகிறது. ஆனால் குறியெண்ணை மட்டும் பார்க்கிற ஒப்பீட்டுக்கு அவை வேறு வேறு சொற்கள். உங்கள் கோப்புகளில் ஒன்று பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்து பிறகு மாற்றப்பட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசை, மாற்றி சரியில்லாவிட்டால் தனித்தனியாகவே வந்து விழும்.

தீர்வு: ஜாவாஸ்கிரிப்ட் படியில் ஜாவாவின் நார்மலைசரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்துப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். சார்ட் படிக்கு முன்னால், பின்னால் அல்ல.

இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தும், என் மொழியின் எழுத்தே இப்படி இரண்டாக நிற்கும் என்று ஒரு மாதம் தேடிய பிறகுதான் எனக்கும் ஒருமுறை தெரிந்தது. பள்ளியில் கொம்பு, கால் என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

24 பிப்ரவரி

நேற்றையதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டப் பெயர்களுக்கு இறங்கும்போது நார்மலைசர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீரங்கம், ஸ்ரீபெரும்புதூர். இந்த 'ஸ்ரீ'யை 'ஸ'வில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 'ஶ' என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். 'ஶ' 2005-இல்தான் ஒருங்குறியில் வந்தது, பழைய கோப்புகளில் 'ஸ'தான் இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், ஆனால் ஒருங்குறி இவற்றைச் சமம் என்று சொல்லவில்லை. ஆகவே மாற்றாது. நீங்களே ஒரு ரீப்ளேஸ் படி போட வேண்டும். 'திருவைகுண்டம்' என்று எழுதியிருந்தால் அதற்கு எந்தப் படியும் இல்லை, கைதான்.

இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் உடையாத இடைவெளி என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஓரம் வெட்டும் படி அதை இடைவெளியாகவே மதிக்காது. அதையும் ரீப்ளேஸில் சேர்த்துவிடுங்கள்.

25 பிப்ரவரி

எக்செல்லின் பவர் குவெரியில் தோராயப் பொருத்தம் இருக்கிறதே, எழுத்துக்கூட்டல் சிக்கலெல்லாம் அதிலேயே தீராதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, எதுவும் மாற்றாவிட்டால் 0.80 ஒற்றுமை போதும் என்று இணைக்கும். மாவட்டப் பெயருக்கு நான் அதைத் தொட மாட்டேன். திருவள்ளூர், திருவாரூர், திருப்பூர், திருப்பத்தூர். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். இணையாமல் நின்ற வரியைக் கண்டுபிடிக்கலாம். தவறாக இணைந்த வரி சரியாக இணைந்ததைப் போலவே இருக்கும்.

அதே கருவியில் எனக்குப் பிடித்தது, பொருந்தாத வரிகளை மட்டும் தரும் 'ஆன்ட்டி' இணைப்பு. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. நான் ஃபில்டர் போட்டுச் செய்வதை ஒரே சொடுக்கில் செய்கிறது.

2 மார்ச்

கிராம அளவுக்கு இறங்கியதும் ஓட்டம் பாதியில் உறைந்து நிற்கிறது, பிழை இல்லை, கணினியும் சூடாகவில்லை. கோவை மாவட்டத்தை மட்டும் கொடுத்தால் நொடியில் முடிகிறது, சரிதானே?

உங்கள் படத்தைப் பார்த்தேன். ஒரே எக்செல் படியிலிருந்து இரண்டு கிளை பிரித்து, ஒன்றில் சார்ட் போட்டுக் கூட்டல் எடுத்து, இன்னொன்றை நேராகக் கொண்டுவந்து மறுபடி இணைக்கிறீர்கள். படிகளுக்கு நடுவே ஒரு தொட்டி இருக்கிறது, இயல்பாக 10,000 வரி கொள்ளும். கூட்டல் கிளை எல்லா வரியும் வந்து முடியாமல் ஒன்றும் தராது. அது வரும்வரை ஜாயின் மறு கிளையை இழுக்காது. மறு கிளையின் தொட்டி நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் எக்செல் படி நின்றுவிடுகிறது. அது நின்றால் கூட்டல் கிளைக்கு மீதி வரிகள் போகாது. ஒருவர் வழிவிட்டால்தான் மற்றவர் நகர முடியும், இருவருமே காத்திருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 15,979 கிராமங்கள். தொட்டியைத் தாண்டுகிறது. கோவை மட்டும் என்றால் தாண்டவில்லை. எனக்கு இது நடந்தபோது ஓர் இரவு முழுவதும் காத்திருந்தேன், மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு.

தொட்டியின் அளவைக் கூட்டலாம், ஆனால் தரவு வளர்ந்தால் திரும்ப வரும். கோப்பை இரண்டு எக்செல் படிகளாக இரண்டு முறை படியுங்கள்.

3 மார்ச்

வேலைக்குத் தொடர்பில்லாத ஒன்று. இந்தக் கருவியின் பழைய பெயர் கெட்டில். வரைகிற திரை ஸ்பூன், ஒரு ஓட்டத்தை நடத்துவது பான், பல ஓட்டங்களைக் கோத்து நடத்துவது கிச்சன். மாட் காஸ்டர்ஸ் என்பவர் தொடங்கியது, 2006-இல் பென்டாஹோவுக்குப் போனது, 2015-இல் பென்டாஹோ ஹிட்டாச்சியிடம் போனது. அதிலிருந்து கிளைத்து அப்பாச்சி ஹாப் இப்போது தனியாக வளர்கிறது. மெர்ஜ் ஜாயின் அங்கேயும் உண்டு, வரிசை வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. என் மகள் இந்தச் சமையலறைப் பெயர்களைக் கேட்டுவிட்டு, 'அப்போ அடுப்பு எங்கேப்பா?' என்றாள். இரண்டு நாளாக வீட்டில் இதுதான் பேச்சு.

9 மார்ச்

மொத்தம் 7,21,47,030-க்கே வந்து நிற்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததில் மிகவும் மகிழ்ச்சி. 38 மாவட்டத்துக்கும் வட்டத்திலிருந்து கூட்டி, கடைசி இலக்கம் வரை சரியாக வருவது சின்ன விஷயம் இல்லை.

இப்போது ஊராட்சிப் பட்டியலோடு இணைக்கப் போகிறேன் என்கிறீர்கள். போவதற்கு முன் ஒன்று: கிராம ஊராட்சிகள் என்று வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை 12,525. கிராமங்கள் 15,979. ஆக ஒரே ஊராட்சிக்குள் பல வருவாய்க் கிராமங்கள் இருக்கும். ஒரே கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்தும் கிடக்கும். அதனால் இந்த முறை பெருக்கம் இரண்டு பக்கமும் வரும், வட்டம் போல நடுவில் இறங்கித் தப்பிக்கவும் இடம் இல்லை. மொத்தம் மாறாமல் இருக்கிறதா என்ற சோதனையை எடுத்துவிடாதீர்கள்.

மிச்சக் கோப்பில் நிற்கும் 11 கிராமங்களின் வட்டப் பெயரையும் அனுப்புங்கள். அதில் இரண்டு அரக்கோணத்துப் பக்கம் போலத் தெரிகிறது. அந்தப் பக்கத்து ஊர்கள் எனக்குக் கொஞ்சம் தெரியும், நாளைக்கு உட்கார்ந்து பார்க்கிறேன்.